கைராசி சுகிர்தா

"வாடி என் தங்கம். மடங்காத. மடங்குனேன்னு வச்சிக்கோ, அப்டியே சிங்க்ல ஊத்திடுவேன், தெர்தா?"

சுகிர்தா இப்படிக் கொஞ்சுவதும் மிரட்டுவதும் ஒரு எலியின் மூளையை. கண்ணாடிக் கிண்ணத்து உப்பு நீரில் மிதக்கும் அந்த மூளைச் சீவல், வெங்காயச் சருகை விட மெலிசு. படம் வரையும் பிள்ளைகள் வைத்திருக்கிற சாதாரண தூரிகைதான் அவள் கையில். தூரிகையின் நுனியால் சீவலின் ஓரத்தைத் தொட்டு, நீருக்குள் சாய்த்துப் பிடித்த கண்ணாடிச் சிலைடின் மேல் மெல்ல ஏற்றிப் படுக்க வைத்து, சுருக்கத்தை நீவி விடுவாள். ஏற்றும்போது பேச்சு நின்றுவிடும், மூச்சும் நின்றுவிடும். ஏற்றி முடித்ததும் அடக்கி வைத்ததையெல்லாம் மொத்தமாக "ஸ்தோத்திரம்" என்று வெளியே விடுவாள். பக்கத்து மேஜைக்காரர்கள் அந்தச் சத்தத்துக்கு இப்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பதில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகளுக்கு இடையில் சிக்கிக்கொண்ட சின்னக் கட்டடம் அது. வாசலில் நிறுத்திய வண்டியின் சீட்டில் மத்தியானத்துக்குள் கரித்தூள் படிந்துவிடும். உள்ளேயோ, செருப்பைக் கழற்றி, தலைக்குக் குல்லாய் போட்டு, கைக்கு உறை மாட்டிக்கொண்டால்தான் கதவு திறக்கும். இங்கே தயாராவது ஆன்டிபாடி. உடம்புக்குள் கிருமி புகுந்தால் தேடிப் பிடிப்பதற்கென்று ரத்தத்தில் உண்டாகும் பொருள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அந்தத் தேடிப் பிடிக்கும் குணத்தை ஆராய்ச்சிக்காரர்கள் வேறு வேலைக்கு வாங்கிக்கொண்டார்கள். மூளையில் எத்தனையோ புரதங்கள். தனக்கு வேண்டிய ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியைச் சீவலின் மேல் ஊற்றி, அதன் மேல் ஒளிரும் சாயம் சேர்ந்த இன்னொன்றை ஊற்றிப் பார்த்தால், அந்தப் புரதம் இருக்கிற இடமெல்லாம் மைக்ராஸ்கோப்பில் பச்சையாக மின்னும். இல்லாத இடம் இருட்டாகக் கிடக்கும். அவ்வளவுதான் சங்கதி.

இவர்கள் விற்பதில் பேர்போன சரக்கு, ஞாபகமறதி நோயில் கெட்டுப்போகிற ஒரு புரதத்தைப் பிடிப்பது. அந்தப் புரதத்தின் பெயர் டாவ். இந்தப் பக்கத்தில் டாவு என்றால் காதல் விவகாரம் என்பதால், வாசல் காவலாளி சுப்பிரமணிக்கு இந்தப் பெயரில் அலுக்கவே அலுக்காத சந்தோஷம்.

"இன்னாம்மா, இன்னிக்கினா டாவு சிக்குச்சா?"

"சிக்காம எங்க போவும்ணா? நம்ம கையில சிக்காத டாவு உண்டா?" என்பாள் சுகிர்தா. நாற்பதைத் தாண்டிய பெண், இரண்டு பிள்ளைகளின் தாய், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முன்வரிசையில் நின்று பாடுகிறவள், இதைச் சொல்லிவிட்டு நிமிர்ந்த நடையாக உள்ளே போவாள்.

அந்த நிமிர்வு சும்மா வந்ததல்ல. அவளுடைய அம்மா மணியம்மாள் பொன்னேரிப் பக்கத்து வயல்களில் ஆயுசு முழுக்க நாற்று நட்டவள். எந்த வயலிலும் முதல் நாற்றை நட்டவளில்லை. முதல் நாற்று நிலத்துக்காரர் வீட்டுப் பெண்ணின் கையால்தான். பட்டுப்புடவையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் ஒரு முடி நாற்றை ஊன்றிவிட்டுக் கரையேறிய பிறகு, மிச்ச வயல் முழுவதும் மணியம்மாளுக்கும் அவள் கூட்டத்துக்கும். மணியம்மாளின் கைக்கு வேகம் உண்டு, நேர்த்தி உண்டு, ராசி மட்டும் கிடையாது என்று எல்லோரும் பேசாமலே ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்தக் கையின் மகள் விலங்கியல் படித்து, சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்து, கைராசிக்காரி என்று பெயர் வாங்கியதை வெறும் பட்டப்பெயர் என்று நாம் நினைத்தால் தப்பு நம்முடையது.

பெயரை வைத்தவர் மேனேஜர் வரதன். அவரும் நெல் வயல் உள்ள குடும்பம்தான். அவர் வீட்டு வயலில் இன்றைக்கும் முதல் நாற்று வீட்டுப் பெண் கையால் என்பது வழக்கம். அப்படிப்பட்டவர், புது ஆன்டிபாடி ஒன்று தயாரானால் சுகிர்தாவைத் தவிர வேறு யாரையும் முதல் சிலைடு போட விடமாட்டார். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் போணி. கடை திறந்ததும் முதல் வியாபாரம் நல்ல கையால் நடக்கட்டும் என்று காய்கறிக்காரர் காத்திருப்பாரே, அதே கணக்கு. சுகிர்தா சிலைடைப் பொருத்திவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வாள். வரதன் பக்கத்தில் கண்ணை மூடிப் பிள்ளையாரைக் கூப்பிடுவார். இரண்டு பேரும் சேர்ந்து கூப்பிட்டும் வராமல் போகுமா? பச்சை மின்னும்.

இந்த வேலையில் இன்னொரு சிலைடும் கூடவே போட வேண்டும் என்பது பாலபாடம். ஒளிரும் சாயம் உட்பட எல்லாவற்றையும் ஊற்றி, தேடுகிற ஆன்டிபாடியை மட்டும் ஊற்றாமல் விட்ட சிலைடு. இவர்கள் பாஷையில் வெறும் சிலைடு. அது இருட்டாக இருக்க வேண்டும். அது இருட்டாக இருந்தால்தான் மற்றதில் கண்ட பச்சை உண்மை. போணி நாளில் வரதனுக்கு அது ஆகாது. "மொத மொத கண்ண வைக்கிறப்போ இருட்டுலயா வைக்கிறது? அத்த அப்பால போட்டுக்கலாம் சுகிர்தா" என்பார். போணி அமோகமாக நடந்து, அவர் வாங்கித் தரும் மைசூர்பாகும் தின்ற பிறகு அந்த இருட்டை யார் தேடிப் போவார்கள்? சுகிர்தாவுக்குப் பாடம் மறந்துபோகவில்லை. ஆனால் தன் கையைப் பக்கத்தில் ஒரு வெறும் சிலைடை வைத்துச் சரிபார்க்க வேண்டாம் என்று ஒருவர் சொல்வது காதுக்கு எவ்வளவு குளிர்ச்சி! அவளும் தேடவில்லை.

டாவுக்கான போணி எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. கறுப்பு வெளியில் செல்லுக்குச் செல் பச்சைப் பச்சையாக அப்படி ஒரு படம். விளம்பரத்தில் அதைத்தான் போட்டார்கள். சுகிர்தா ஒரு பிரதியைச் சட்டம் போட்டு அத்திப்பட்டு வீட்டின் கூடத்தில் மாட்டினாள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவள் கணவன் பீட்டர், "இன்னாது இது, கெணத்துல பாசி புடிச்ச மாரி கீது" என்றான். அவனுக்கு அன்று ராத்திரி குழம்பில் மீன் துண்டு குறைந்தது.

கைராசிப் பெயர் கம்பெனி பஸ்ஸில் ஏறி அத்திப்பட்டுக்கும் வந்து சேர்ந்தது. கறிவேப்பிலைக் கன்று நட, ஊறுகாய்க்கு உப்புப் போட, புது மிக்ஸியை முதன்முதலில் ஓட்ட என்று ஆளாளுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். சுகிர்தா அலுத்துக்கொள்வாள். "பேஜாரா பூட்ச்சி இவங்களோட" என்பாள். சொல்லிக்கொண்டே தலையை வாரிக்கொண்டு கிளம்புவாள்.

பெருமை ஏறிய ஆளுக்கு நாக்கு கொஞ்சம் நீளும். லேபில் யாருக்காவது சிலைடு சரியாக வரவில்லை என்றால் சுகிர்தாவிடம் ஒரே தீர்ப்புதான் இருக்கும்: "கை படியல." மருந்து பழசா, எந்திரம் கோளாறா என்றெல்லாம் அவள் விசாரிப்பதில்லை. கை படியல, முடிந்தது. இந்தத் தீர்ப்பை ஒரு நாள் போனிலும் சொன்னாள்.

போனில் பேசியவள் நர்மதா. பொதட்டூர்பேட்டைக்காரி. திருத்தணிப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்திக்கொண்டே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள். இந்தக் கம்பெனியின் டாவ் ஆன்டிபாடியை வாங்கி, மாதக்கணக்கில் போட்டுப் பார்த்தும் ஒரு சொட்டுப் பச்சை வரவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். சுகிர்தா அவளை முழுசாகப் பேச விடவில்லை.

"மேடம், எங்க சரக்குல ஒண்ணும் கெடையாது. நானே போணி பண்ணது. தப்பா நெனைக்காதீங்க, உங்க கைதான் இன்னும் படியல. ஒரு நாள் நேர்ல வாங்க, போட்டுக் காட்டறேன்."

வரதன் அதையே நல்ல வார்த்தைகளில் எழுதி நர்மதாவின் ஆராய்ச்சி வழிகாட்டிக்கும் அனுப்பி வைத்தார். நர்மதா வருகிறேன் என்று நாள் குறித்தாள்.

சுகிர்தா உற்சாகமாகத் தயாரானாள். வாத்தியாரம்மாவுக்கே பாடம் நடத்தப் போகிறோமே, குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது என்று நினைத்தாள். போணியின்போது போட்டது வயதான எலிகளின் மூளை. ஏதோ ஒரு விலங்குக் கூடத்திலிருந்து கழித்துக் கட்டிய கிழட்டு எலிகள். நர்மதா போடுவது இளம் எலியின் மூளையில் என்று சொல்லியிருந்ததால் அதிலும் ஒன்று போட்டாள். பாடப் புத்தகத்தில் உள்ளபடி இருக்கட்டும் என்று, கிழட்டு மூளையில் ஒரு வெறும் சிலைடும் போட்டாள். மூன்றையும் எடுத்துக்கொண்டு, நர்மதா வருவதற்கு முந்தின நாள் பிற்பகல், மைக்ராஸ்கோப் இருக்கும் இருட்டறைக்குள் போனாள்.

முதல் சிலைடு, கிழட்டு மூளை, ஆன்டிபாடி ஊற்றியது. பச்சை. பழைய சிநேகிதியைப் பார்த்த மாதிரி சிரித்தாள்.

இரண்டாவது வெறும் சிலைடு. அதுவும் பச்சை.

மாற்றி வைத்துவிட்டோமோ என்று எடுத்துப் பார்த்தாள். சிலைடின் ஓரத்தில் அவள் கையெழுத்தில் பென்சிலால் எழுதியது சரியாகத்தான் இருந்தது. தேடுகிற ஆன்டிபாடியே படாத சீவலில், அதே செல்கள், அதே பச்சை, சட்டம் போட்டு மாட்டிய அதே அழகு. மூன்றாவதை வைத்தாள். டாவ் இருந்தே ஆக வேண்டிய இளம் மூளை, ஆன்டிபாடி தாராளமாக ஊற்றியது. கும்மிருட்டு. விளக்கைக் கூட்டினாள், திருகினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். இருட்டு.

அவளுக்கு விளங்கிவிட்டது. கல்லூரியில் எப்போதோ படித்தது ஞாபகம் வந்தது. வயதாக ஆக நரம்புச் செல்லுக்குள் ஒருவிதக் கசடு சேரும். அது யார் தயவும் இல்லாமல் தானாகவே மினுங்கும். இத்தனை காலம் அவள் பார்த்து, காட்டி, கைதட்டு வாங்கியது அந்தக் கசடை. டாவும் இல்லை, பிடித்ததும் இல்லை. அந்த ஆன்டிபாடிக் குப்பிக்குள் இருப்பது எதையும் பிடிக்கத் தெரியாத வெறும் நீர். இரண்டு மாநிலங்களில் ஆட்கள் அதை வாங்கி, இரவு பகலாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

காது மடல் சுட்டது. அறையில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் யாரோ பார்க்கிற மாதிரி மைக்ராஸ்கோப்பின் விளக்கை அணைத்தாள். "உங்க கைதான் இன்னும் படியல." தன்னுடைய குரலே திரும்பத் திரும்பக் கேட்டது. எவ்வளவு சுலபமாகச் சொன்னோம், சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனோமே என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பே கூசியது.

வரதனிடம் போய்ச் சொன்னாள். அவர் நம்பவில்லை; வந்து பார்த்தார்; நம்பினார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"வேற யாருக்கு தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார்."

"சரி. நாளைக்கு அந்தம்மாவுக்குக் கெழட்டு மூளையவே காட்டு. வெறும் சிலைடு வேணாம். பச்சையப் பாத்தா அவங்க பாட்டுக்கு போய்டுவாங்க. அப்பால நானே பக்குவமா எல்லாருகிட்டயும் பேசிக்கறேன். இப்ப எதுனா ஒளறி வச்சா கம்பெனி மட்டும் இல்ல, உன் பேரும்தான் நாறும். இது உன் போணி, ஞாபகம் வச்சிக்கோ."

வரதன் கெட்ட மனுஷர் இல்லை. பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான். சுகிர்தா அதற்கு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் பஸ்ஸில் வீடு வரும் வழியெல்லாம் அவளைப் பிடுங்கித் தின்றது. தப்பு தெரியாமல் நடந்தது; தலையாட்டியது தெரிந்தேதானே?

"இன்னா ஆச்சி, மூஞ்சி ஒரு மாரியா கீது?" என்று பீட்டர் கேட்டான். தலைவலி என்றாள். கூடத்தில் மாட்டியிருந்த படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள்.

கஷ்டகாலம், மறுநாள் காலையில்தான் எதிர்வீட்டு ஈஸ்வரி அத்திப்பட்டு ஸ்டேஷன் பக்கத்தில் நாஷ்டா கடை போடுகிறாள். முதல் தோசை சுகிர்தா ஊற்ற வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லி வைத்திருக்கிறாள். சுகிர்தா மெதுவாக நழுவப் பார்த்தாள்.

"வோணாம் ஈஸ்வரி. என் கைய நம்பாத. நீயே ஊத்து."

"யக்கா, இன்னா இப்டி சொல்ற? நீ ஊத்துனாதான் யாவாரம் ஓடும். வா, வா, கல்லு காயுது."

கரண்டியைக் கையில் திணித்தார்கள். சுகிர்தா ஊற்றினாள். தோசை வட்டமாக, முறுகலாக, ஓரம் தானாகவே எழும்பி, ஒட்டாமல் வந்து தொலைத்தது. கருகியிருக்கக் கூடாதா, பிய்ந்திருக்கக் கூடாதா என்று அவள் ஏங்கியது யாருக்கும் தெரியாது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவள் கரண்டியை வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

நர்மதா ஏற்கெனவே வந்து வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தாள். விடிவதற்கு முன்பே கிளம்பி, பஸ், அப்புறம் இரண்டு ரயில். மடியில், அவளுடைய மூளைச் சீவல்கள் வைத்த ஐஸ் பெட்டி. முப்பத்தைந்து வயதிருக்கும், கஞ்சி போட்ட பருத்திப் புடவை ரயில் கூட்டத்தில் நசுங்கியிருந்தது. சுகிர்தாவைக் கண்டதும் ஐஸ் பெட்டியோடு எழுந்து நின்றாள்.

"நீங்கதானே மேடம் போன்ல பேசினது? ரொம்ப சந்தோஷம் மேடம். யாரும் இப்படி நேர்ல வரச் சொல்லிக் கத்துத் தர மாட்டாங்க."

சுகிர்தா ஐஸ் பெட்டியை வாங்கிக்கொண்டாள். லேபுக்கு வழிகாட்டி முன்னால் நடந்தாள்.

லேபில் நர்மதாவை ஒரு சீவலை ஏற்றிக் காட்டச் சொன்னாள். எங்கேயாவது ஒரு குறை இருந்துவிடாதா, மடங்கிவிடாதா, கிழிந்துவிடாதா என்று ஒரு அற்ப ஆசை. நர்மதா தூரிகையை எடுத்தாள், தொட்டாள், ஏற்றினாள். சுருக்கமே இல்லை. சீவல் அப்படியே போய்ப் படுத்துக்கொண்டது. இதைவிடப் படிந்த கையை சுகிர்தா இந்த லேபில் பார்த்ததில்லை, தன்னுடையதையும் சேர்த்து.

"தப்புதானே மேடம்?" என்று கேட்டாள் நர்மதா.

"இல்ல... நல்லாதான் கீது."

"நீங்க ஆறுதலுக்குச் சொல்றீங்க. வீட்டுல பேசின்ல தண்ணி வச்சி, வெங்காயத் தோல மிதக்க விட்டு பழகறேன் மேடம். எங்க வீட்டுக்காரர் சிரிக்கிறார். நீங்க கை படியலைன்னு சொன்னப்போ மொதல்ல கோவம் வந்துச்சி. அப்புறம் யோசிச்சா, சரிதான்னு தோணுச்சி. இப்ப காலேஜ்லகூட பிராக்டிகல் வகுப்புக்கு நான் சிலைடு போடறதில்ல. அட்டெண்டர போடச் சொல்லிடறேன். பசங்க முன்னாடி கை நடுங்கிடுமோன்னு பயம். எங்க சாரும் சொல்லிட்டாரு, உனக்கு இந்தத் தலைப்பு வேணாம், கை வேலை இல்லாத தலைப்பா பாத்துக்கோன்னு. நாலு வருஷ வேலை மேடம். கடைசியா ஒரு தடவ உங்க கையால பாத்துட்டு விட்டுடலாம்னுதான் வந்தேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வெட்கப்பட வேண்டியவள் தானாக இருக்க, இந்தப் பெண் பொதட்டூர்பேட்டையிலிருந்து அந்த வெட்கத்தையெல்லாம் சுமந்துகொண்டு வந்திருப்பதைக் கேட்கக் கேட்க சுகிர்தாவுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. இருட்டறைக்குக் கூட்டிப்போனாள். வரதன் சொன்ன சிலைடைத்தான் வைத்தாள். கை அதுவாகவே வைத்தது.

நர்மதா குனிந்து பார்த்தாள். அப்படியே இருந்தாள். "ஐயோ, எவ்வளவு அழகு!" என்றாள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். அதற்குப் பிறகு, படித்தவள் அல்லவா, முறைப்படி கேட்டாள்:

"வெறும் சிலைடு போட்டிருப்பீங்களே மேடம், அதையும் ஒருவாட்டி பாத்துடட்டுமா?"

"அத்த அப்பால பாக்கலாம்" என்றாள் சுகிர்தா.

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை யாருடையது என்று அவளுக்கு உறைத்தது. நர்மதா சந்தேகப்படவே இல்லை. சுகிர்தாவின் கையை, ரப்பர் உறையோடு அப்படியே இரண்டு கைகளாலும் பிடித்து, தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "இந்தக் கையில கொஞ்சம் எனக்கும் ஒட்டட்டும் மேடம்" என்றாள். முதல் நாற்று ஊன்றிக் கரையேறும் அம்மாளின் கையைக்கூட இப்படி யாரும் கும்பிட்டதில்லை. சுகிர்தா கையை இழுத்துக்கொள்ளவும் தெரியாமல் விடவும் தெரியாமல் நின்றாள். செத்துப் போகலாம் போல இருந்தது.

அந்த நேரத்தில் நர்மதாவின் போன் அடித்தது. திரையைப் பார்த்ததும், எதிரே யாரோ வந்து நிற்கிற மாதிரி அவள் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டாள்.

"சார்... ஆமா சார், கும்மிடிப்பூண்டிலதான் சார். பாத்துட்டேன் சார். மேடம் போட்டா ரொம்ப நல்லா வருது... இல்ல சார், ஆன்டிபாடில ஒண்ணும் இல்ல. என் கைதான் சார். நீங்க சொன்னதுதான் சரி." குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போனது. "சரி சார். தலைப்ப மாத்திக்கறேன் சார். திங்கக்கெழம வந்து எழுதிக் குடுத்துடறேன்..."

பாதி திறந்திருந்த கதவுக்கு வெளியே வரதன் நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும். சுகிர்தாவைப் பார்த்து, நல்லபடியாக முடிந்தது என்கிற மாதிரி மெல்லத் தலையசைத்தார்.

சுகிர்தா இந்த முறை திருப்பித் தலையாட்டவில்லை. வலது கை உறையின் ஓரத்தைப் பிடித்து இழுத்துக் கழற்றினாள். உள்ளே கை வியர்த்து ஊறி, விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. வெள்ளைக் கோட்டில் அதை ஒரு தரம் துடைத்துக்கொண்டாள்.

"போன இப்டி குடுங்க மேடம். சாருகிட்ட நான் பேசணும்" என்று சொல்லி, நர்மதாவின் முன்னால் அந்தக் கையை நீட்டினாள்.